வளையம் நின்ற இடம்

ஆகஸ்ட் 14, புதன்

அண்ணனின் பார்சல் வந்துவிட்டது. கூரியர்க்காரர் மேலே ஏறி வரவில்லை. கீழே டீ ஃபேக்டரி கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா கொழுந்து லாரியை நிறுத்திவிட்டு வரும்போது குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

உள்ளே மலை சைக்கிளுக்கான புது பின்பக்க ஷாக் அப்சார்பர். ஈஸ்டர் முடிந்த கையோடு அண்ணன் சொல்லிவைத்தது. அப்போது அவனுக்குக் காய்ச்சல்கூடக் கிடையாது.

பெட்டியை நான்தான் பிரித்தேன். அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "மெதுவாடி, மெதுவாடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கறுப்பு நிறம். முதுகில் ஒரு குட்டி சிலிண்டர். நடுவில் கண்ணாடிபோல மின்னும் தண்டு. தண்டில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று.

அம்மா கை துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ள என்னதான் சாமி இருக்கு?"

"காத்தும்மா."

"கோத்தகிரியில உக்காந்துக்கிட்டு காத்தைப் பார்சல்ல வரவழைக்கிறவன் நீ ஒருத்தன்தான். ஜன்னலைத் திறந்தா பத்தாதா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரித்து முடித்ததும், "ஜனவரி ரேஸ்ல இதோடதான் இறங்குவேன்" என்றான். அப்பா பெட்டியின் அட்டையை மடித்துவைக்கப் போனார். அம்மா சோறு பார்க்கப் போனாள். சோறு ஏற்கெனவே வடித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூசை முடிந்ததும் இர்பான் அண்ணன் வந்தார். கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். எங்கள் அண்ணன் ஜெரோமும் அவரும் சேர்ந்துதான் எல்லா ரேஸுக்கும் போவார்கள். யார் வந்தாலும் நான் செய்வதைத்தான் செய்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அண்ணன் பழைய ஷாக்கைக் கழற்ற முயன்றான். ஆலன் கீ போல்ட்டில் உட்காரவே இல்லை. மூன்று முறை வழுக்கியது. இர்பான் அண்ணன் அதைப் பார்க்காததுபோல வெளியே மூடுபனியைப் பார்த்தார். "பிலோ, வாடி இங்க" என்று அண்ணன் கூப்பிட்டான். "இவனுக்கு ஃபோன் ஸ்க்ரூதான் தெரியும். நீ கழட்டு."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் போனேன். இர்பான் அண்ணன் பின் சக்கரத்தைத் தாங்கிக்கொள்ள, இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். பழைய ஷாக் வாயோரம் எண்ணெய் கசிந்து, மண் ஒட்டிக் கிடந்தது. புதியதற்கு இரண்டு முனையிலும் புஷ் என்கிற சின்ன உலோகக் குழல் ஏற்ற வேண்டும். சுத்தியால் தட்டினால் பாழ். அப்பாவின் லாரிப் பெட்டியிலிருந்து நீள போல்ட்டும் நட்டும் எடுத்து, இறுக்க இறுக்க அதுவாகவே உள்ளே போகும்படி செய்தேன். அது யூடியூபில் பார்த்தது. நானாகக் கண்டுபிடித்தது இல்லை.

பிறகு காற்று. இந்த ஷாக்குக்குள் ஸ்பிரிங் கிடையாது. காற்றுதான் ஆளைத் தாங்குகிறது. அதனால் ஓட்டுகிற ஆளின் எடைக்கு ஏற்றபடி காற்று வைக்க வேண்டும். இதற்கென்று முள் வைத்த குட்டிப் பம்ப் இருக்கிறது. காற்றை அடித்துவிட்டு, பம்பைக் கழற்றும்போது 'ப்ஸ்' என்றது. ஐயோ, காற்று போய்விட்டதே என்று மறுபடி மாட்டிக் கொஞ்சம் கூடுதலாக அடித்தேன். கழற்றினால் மறுபடி 'ப்ஸ்'. மறுபடி அடித்தேன். கடைசியில் ஷாக் கல்லுபோல ஆகிவிட்டது.

இர்பான் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், உன் தங்கச்சி லாரி டயருக்கு அடிக்கிற மாதிரி அடிக்குது!"

"அது ஷாக்ல இருந்து போகலடி" என்றான் அண்ணன். "பம்புக் குழாய்ல மிச்சம் இருக்கிற காத்து. சின்னதா 'ப்ஸ்'னா குழாய். நீளமா 'உஸ்ஸ்'னு பெருமூச்சு விட்டாத்தான் ஷாக். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலே எனக்குத் தெரியும்."

அதிகக் காற்றை இறக்கினேன். நீளமாகத்தான் பெருமூச்சு விட்டது.

அப்புறம் அமுக்கம் பார்த்தோம். ரப்பர் வளையத்தைத் தண்டின் அடிவரை தள்ளிவைக்க வேண்டும். ஆள் மெதுவாகச் சீட்டில் உட்கார்ந்து, மெதுவாக இறங்க வேண்டும். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் வளையம் நின்றுவிடும். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். இறங்கியபின் பார்த்தால் வளையம் சரியான இடத்தில் நின்றிருந்தது. பம்பின் முள் நூற்று நாற்பது. என் சிவப்பு நெயில் பாலிஷால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் செக் பண்ணுவோம். வளையம் இந்தக் கோட்டுக்கு வந்தா நான் ரெடி."

ஆகஸ்ட் 22, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். பத்தாம் வகுப்புக்குப் பெயர் கொடுக்க இதுதான் கடைசித் தவணையாம். எனக்குக் கணக்கு வரவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்றேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது, அதுவும் உண்மைதான்.

அவர் போன பிறகு அண்ணன் கேட்டான். "யாரைக் கேட்டு நின்ன?"

"கணக்கு வரல."

"அம்மா கொழுந்து பறிக்கப் போயிடுது, அப்பா லாரிக்குப் போயிடுறாரு, இவனுக்கு யாரு தண்ணி எடுத்துக் கொடுப்பான்னு நின்ன."

"கணக்குதான் வரல."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். மதியம் கஞ்சி குடிக்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று வளையம் கோட்டுக்கு வரவில்லை. ஒரு நெல்மணி அளவு முன்னாலேயே நின்றுவிட்டது.

அண்ணன் குனிந்து பார்த்தான். மறுபடி ஏறி, கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்து இறங்கினான். வளையம் அதே இடம்தான்.

"சீல் இன்னும் பழகல. புதுசுன்னா இறுக்கமாத்தான் இருக்கும்" என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சீல் பழகாமல் இல்லை. போன இரண்டு ஞாயிறும் சரியாகத்தான் வந்தது.

செப்டம்பர் 7, சனி

மாதா பிறந்தநாளுக்கு முந்தைய நாள். அம்மா கோயிலுக்குப் பூ கட்டினாள்.

சாயங்காலம் முன்னறையில் சைக்கிளைத் துடைத்தேன். துடைத்தபோது ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கினேன். காற்று குறைந்தால் குறைந்த எடைக்கும் அதே அளவு அமுங்கும். அவ்வளவுதான் விஷயம். இதில் எழுத ஒன்றுமில்லை.

பெருமூச்சு சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, அதே நேரம் உள்ளறையில் அண்ணன், "அம்மா, டிவி சவுண்டைக் கூட்டு, ஒண்ணுமே கேக்கல" என்றான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வளையம் கோட்டுக்கு வந்தது. "பாத்தியா, சீல் பழகிடுச்சு" என்றான். இரண்டு இட்லி சாப்பிட்டான்.

செப்டம்பர் 26, வியாழன்

அண்ணனும் அப்பாவும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். மூன்றாவது முறை மருந்து ஏற்றியிருக்கிறார்கள். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதமாட்டேன்.

மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுத்திருக்கிறான். அப்பா தன் துண்டை நீட்டினாராம். "டவுன்ஹில் ரேஸ்ல இறங்குறவன் பஸ்ல வாந்தி எடுத்துட்டேன்னு இர்பான்கிட்ட சொல்லிடாதீங்க" என்றானாம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு வெகுநேரம் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழையில்.

அக்டோபர் 5, சனி

துடைத்தேன். இறக்கினேன். டிவி சத்தமாக ஓடியது.

அக்டோபர் 13, ஞாயிறு

அண்ணனால் குளியலறைவரை நடக்க முடியவில்லை. அம்மா தூக்கிக்கொண்டு போனாள். அம்மா இருபது வருடமாகத் தினமும் கொழுந்து மூட்டை தூக்குகிறவள். எடை போடுகிற எஸ்டேட் கண்டக்டர் சொல்வதற்கு முன்பே இவள் சரியாகச் சொல்லிவிடுவாள் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அவனைத் தூக்கிய உடனே அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கணம்தான். பிறகு, "என்ன சாமி, வர வர கனக்குற" என்றாள்.

"நீ போடுற சோறு அப்படி" என்றான் அவன்.

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

இன்றும் வளையம் கோட்டுக்கு வந்தது. ஏற்றி உட்காரவைக்க அப்பாவும் வேண்டியிருந்தது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். எல்லா வருடமும் காலையிலேயே போய்த் தாத்தாவின் கல்லறையில் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மலைச்சரிவு முழுக்க விளக்காக இருக்கும். இந்த வருடம் அம்மா போகவில்லை. "நான் அந்த இடத்துக்கு வரமாட்டேன்" என்றாள். அப்பா வற்புறுத்தவில்லை. தனியாகப் போய்விட்டு வந்தார். வேட்டி ஓரத்தில் மெழுகு சொட்டியிருந்தது.

"தாத்தா என்ன சொன்னாரு?" என்று அண்ணன் கேட்டான்.

"பேரனைக் கேட்டாரு" என்றார் அப்பா, யோசிக்காமல். சொன்னபிறகு முகம் போன போக்கை அண்ணன்தான் சமாளித்தான். "ரேஸ் முடிஞ்சு பாக்கறேன்னு சொல்லுங்க."

நவம்பர் 6, புதன்

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் இர்பான் அண்ணனும்தான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனோம். நான் கோயம்புத்தூருக்குப் போவது இதுதான் இரண்டாவது முறை. காரில் பாட்டு வேண்டுமா என்று இர்பான் அண்ணன் கேட்டதற்குத் தலையாட்டினேன். முன்சீட்டிலிருந்து அவருக்கு அது எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் உள்ளே போனதும் முதலில் எடை மிஷினில் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஏற்றுவார்களா? நான் இதை யோசிக்கவே இல்லை. நர்ஸ் எண்ணைப் பார்த்து எழுதினார். அண்ணனும் பார்த்தான். நான் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டான்.

"சிஸ்டர், என் தங்கச்சியையும் ஒரு தடவை ஏத்துங்க. சும்மா" என்றான்.

"இங்க அதெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறும்மா" என்றார். நாற்பத்து மூன்று. சத்தமாகவே சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். செத்துவிடலாம்போல இருந்தது.

திரும்பி வரும்போது என் மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அவன் தெரிந்துகொண்டானா? குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் அவனாகவே சொன்னான். "அந்த மிஷினு பொய் சொல்லுதுடி பிலோ. நம்ம வளையம்தான் கரெக்டு."

அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 9, சனி

துடைத்தேன். கொஞ்சம்தான் இறக்கினேன். முள் நூறுக்கு வந்துவிட்டது.

டிவி இன்றும் சத்தமாகவே இருந்தது. ஆனால் அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அண்ணனே எட்டி ரிமோட்டை எடுத்திருக்கிறான்.

நவம்பர் 10, ஞாயிறு

"முதல்ல சீட்டை இறக்கு. கால் தூக்கிப் போட முடியல" என்றான்.

"எவ்வளவு?"

"உன் இடுப்புக்கு வை. எனக்கு அது சரியா இருக்கும்."

அவன் என்னைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் வைத்தேன். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் மேலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை ஒருமுறை அழுத்தி விட்டான். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவுகூடத் தெரியவில்லை, ஒரே பனி. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், வளைவு எங்கே வரும் என்று தெரிந்தவன்போல.

இறக்கிவிட்டோம். குனிந்து பார்க்க அவனால் முடியாது. நான் பார்த்தேன். வளையம் கோட்டின் மேல் நூல் பிசகாமல் நின்றிருந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

"அவ்வளவுதான், செட் ஆயிடுச்சு. அடுத்த வாரம் செக் பண்ண வேண்டாம்." கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பிறகு, "பிலோ, இனிமே காத்தைத் தொடாதே" என்றான்.

"நான் எதுக்குத் தொடுறேன்?"

"சும்மா சொன்னேன்டி."

நவம்பர் 17, ஞாயிறு

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். சைக்கிளைச் சுவரோரம் தள்ளிவைக்கச் சொன்னாள் அம்மா. அண்ணன் வேண்டாம் என்று கையசைத்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

அவன் தூங்குகிறான். எழுந்தால் தண்ணீர் கேட்கிறான். ஒருமுறை கண் திறந்து, "பனி விலகிடுச்சா?" என்றான். விலகிவிட்டது என்றேன். விலகவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

காலையில்.

டிசம்பர் 3, செவ்வாய்

சனிக்கிழமை அண்ணனைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வரமாட்டேன் என்று சொன்ன இடத்துக்கு அம்மா போனாள். பெட்டியைத் தூக்கியவர்களைப் பார்த்து, "மெதுவா, மெதுவா, அவன் கனமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை சைக்கிளில் ஏறப் பார்த்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். வளையம் இன்னும் கோட்டில்தான் நிற்கிறது. அண்ணன் கடைசியாக உட்கார்ந்து இறங்கியபோது நின்ற இடம். யாராவது உட்கார்ந்தால் நகர்ந்துவிடும்.

டிசம்பர் 12, வியாழன்

பாத்திரம். துணி. வெந்நீர் போட இரண்டு முறை அடுப்பு பற்றவைத்தேன். இரண்டாவது முறைதான் நினைவு வந்தது, வெந்நீர் யாருக்கும் வேண்டாம் என்று.

டிசம்பர் 25, புதன்

நம் வீட்டுக் கூரையில் மட்டும் நட்சத்திரம் இல்லை. துக்க வீட்டில் கட்டமாட்டார்கள். மூங்கில் வளைத்து ஒவ்வொரு வருடமும் அண்ணன்தான் செய்வான். பக்கத்து வீட்டு நட்சத்திரத்தின் வெளிச்சம் முன்னறையில் சைக்கிள்மேல் சிவப்பாக விழுந்தது.

டிசம்பர் 28, சனி

முப்பதாம் நாள் பூசை. இர்பான் அண்ணன் கோயிலுக்கு வெளியே நின்றுவிட்டு, எங்களோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு முடிந்ததும் அப்பா அவரிடம் சொன்னார்.

"தம்பி, அந்த வண்டியை நீயே எடுத்துட்டுப் போயிடுப்பா. வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் அவன் நிக்கிற மாதிரியே இருக்கு. பாக்க முடியல."

அம்மா தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

இர்பான் அண்ணன் சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

"உக்காராதீங்க!"

கத்தியது நான்தான் என்று எனக்கே தெரியவில்லை. கோழிகள் சிதறின. அப்பா எழுந்து வந்துவிட்டார். அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். இர்பான் அண்ணன் காலை அப்படியே கீழே வைத்தார்.

"இல்லம்மா, உக்காரல. ஏன்?"

"வளையம்" என்றேன். "நகந்துடும்."

அவர் குனிந்து ஷாக்கைப் பார்த்தார். வளையத்தையும் கோட்டையும் பார்த்தார். கையால் சீட்டை லேசாக அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"இவ்வளவு லூசா இருக்கே. இது சின்ன ஆளுக்கு வெச்ச காத்து. நான் உக்காந்தா அடியில போய் முட்டிடும்." சீட்டின் உயரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை, அளவெடுப்பதுபோல. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார்.

"மாமா, இதை நான் எடுத்துட்டுப் போக முடியாது. இது எனக்கு வெச்ச வண்டி இல்ல."

"பின்ன யாருக்கு?"

அவர் சைக்கிளை என் பக்கம் சாய்த்தார். நான் பிடிக்காவிட்டால் விழுந்துவிடும். பிடித்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பூசைக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் கல்லறைக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன்.

சைக்கிள் முன்னாலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அமுக்கம் பார்ப்பதற்கு முதலில் வளையத்தை அடிவரை தள்ள வேண்டும். தள்ளினால் அவன் விட்டுப்போன இடம் போய்விடும். விரலை இரண்டு முறை கொண்டுபோய் எடுத்துவிட்டேன்.

பிறகு தள்ளினேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கால் சரியாக எட்டியது. ஷாக் மெதுவாக அமுங்கித் தாங்கிக்கொண்டது. அவன் பிரேக்கை அழுத்தியதுபோல ஒருமுறை அழுத்தி விட்டேன். மெதுவாக இறங்கினேன். குனியப் பயமாக இருந்தது.

வளையம் கோட்டின் மேல் நின்றிருந்தது. அவன் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில்.

சனிக்கிழமைகளில் டிவி ஏன் அவ்வளவு சத்தமாக ஓடியது என்று இப்போது தெரிகிறது.

டிசம்பர் 30, திங்கள்

காலையில் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நானும் ஃபேக்டரி கேட் வரைக்கும் வர்றேன்" என்றேன். அம்மா ஸ்கார்ஃப் எடுத்துக் கட்டிவிட்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரிவின் உச்சியில் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கீழே வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். முதல் வளைவில் கல் பாவிய இடம் வந்தது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு மெத்தென்று.

கேட்டில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். வளையம் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

திரும்பத் தள்ளிவைக்கவில்லை.